முடியாத நாளுக்கு ஒரு டப்பா

கேள்வி:

எனக்கு வயது 27. சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். லேடீஸ் ஹாஸ்டலில் மூன்று பேர் தங்கும் அறை. ஒன்றரை வருடமாக டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது எவ்வளவோ தேவலை. வேலைக்குப் போகிறேன், சிரிக்கிறேன், தோழிகளோடு படத்துக்குக்கூடப் போகிறேன். ஆனாலும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கட்டிலை விட்டு இறங்க முடியாது. பல் துலக்கவே தெம்பு இருக்காது. சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தே ராத்திரி இரண்டு மணி ஆகிவிடும்.

இன்ஸ்டாகிராமில் ‘கம்ஃபர்ட் பாக்ஸ்’ என்று ஒன்றைப் பார்த்தேன். வாசனை மெழுகுவர்த்தி, வெளிநாட்டு சாக்லேட், குட்டி பொம்மை, பொன்மொழி அட்டைகள் எல்லாம் சேர்த்து 2,499 ரூபாய். வாங்கலாமா? இதற்கு ஏதாவது மருத்துவ அடிப்படை உண்டா, வெறும் வியாபாரமா? நானே செய்துகொள்வதென்றால் என்னென்ன வைக்கலாம்? ரூம்மேட்டுகள் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது? அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது? “உனக்கென்ன குறைச்சல்?” என்பதற்கு மேல் அவருக்குக் கேட்கத் தெரியாது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

வாங்க வேண்டாம். நீங்களே செய்துகொள்ளுங்கள். 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கடைப் பெட்டியைவிட அது உங்களுக்கு நன்றாகவே உதவும்.

சிகிச்சையில் தேறி வருபவர்களுக்கு நடுநடுவே இப்படிச் சில நாட்கள் தலைகாட்டுவது வழக்கம்தான். அந்த ஒரு நாளை வைத்து “மருந்து கேட்கவில்லை”, “எல்லாம் பழையபடி ஆகிவிட்டது” என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஆனால் மாதம் தவறாமல் வருகிறது என்கிறீர்களே, அதை உங்கள் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அதற்கும் இந்த டப்பா உதவும். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வியாபாரம் பிறகு வந்தது

விற்பவர்கள் இப்போதுதான் வந்தார்கள். யோசனை பழையது. மனநல மருத்துவர் ஏரன் பெக் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சையில், வாழ்க்கையே வெறுத்துப்போய் வருபவர்களிடம் ஒரு காலி செருப்புப் பெட்டியை எடுத்து, வாழக் காரணமாக இருப்பவற்றை அதில் போட்டு வைக்கச் சொல்வார்கள். ஒரு புகைப்படம், ஒரு கடிதம், குழந்தை கிறுக்கிய படம், இப்படி எதுவும் இருக்கலாம். அதற்கு ‘நம்பிக்கைப் பெட்டி’ என்று பெயர். இன்னொரு பக்கம், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஷா லைனஹன், உணர்ச்சி வேகத்தைத் தாங்க முடியாமல் தவிப்பவர்களுக்காக டிபிடி என்ற சிகிச்சை முறையை உருவாக்கி 1993இல் புத்தகமாக வெளியிட்டார். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என ஐம்புலன்கள் வழியாகத் தன்னைத் தானே ஆற்றிக்கொள்வது அதில் சொல்லித்தரும் பயிற்சிகளில் ஒன்று. லைனஹனும் இளம் வயதில் இரண்டு வருடத்துக்கு மேல் மனநல மருத்துவமனையில் இருந்தவர்தான். 2011இல் அதை அவரே ஊரறியச் சொன்னார்.

பலன் உண்டா என்றும் சோதித்திருக்கிறார்கள். நம்பிக்கைப் பெட்டியைச் செல்போன் செயலியாக்கி, சிகிச்சையில் இருந்த அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 100-க்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. செயலி வைத்திருந்தவர்களுக்கு, வேண்டாத எண்ணங்களும் உணர்ச்சிகளும் வரும்போது சமாளித்துவிட முடியும் என்ற திடம் கூடியிருந்தது. தற்கொலை எண்ணம் போன்ற மற்ற அளவீடுகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உங்கள் டப்பாவிடமும் இந்த அளவுக்கு எதிர்பாருங்கள். அந்தச் சில மணி நேரத்தைத் தாண்ட அது கைகொடுக்கும். நோயைக் குணப்படுத்துவது மாத்திரையும் சிகிச்சையும் செய்ய வேண்டிய வேலை.

மோசமான நாளில் மூளை என்ன செய்கிறது

என்ன வைப்பது என்று முடிவு செய்ய, அந்த நாளில் உங்களிடம் எது இல்லாமல் போகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இரண்டு விஷயங்கள் போய்விடுகின்றன. ஒன்று, முடிவெடுக்கும் தெம்பு. குளிப்பதா சாப்பிடுவதா, யாருக்குப் போன் போடுவது என்று தேர்ந்தெடுப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது. எதுவும் செய்யாமல் போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதில் மட்டும் முடிவெடுக்க ஒன்றுமில்லை. கை தானாக அங்கே போவது அதனால்தான்.

இரண்டாவது, ஞாபகம். 1986இல் மார்க் வில்லியம்ஸ், பிராட்பென்ட் என்ற இரு உளவியலாளர்கள், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டிக் குறிப்பாக ஒரு நாள் நடந்த நிகழ்ச்சியைச் சொல்லச் சொன்னார்கள். ‘சந்தோஷம்’ என்றால் மற்றவர்கள் “போன தீபாவளிக்கு அக்கா வீட்டில்…” என்று தொடங்குவார்கள். இவர்களுக்கோ நாளும் இடமும் உள்ள ஞாபகம் எளிதில் வரவில்லை. மொத்தமாகத்தான் பேச வந்தது. பிறகு வந்த பல ஆய்வுகள் மனச்சோர்வில் இருப்பவர்களிடமும் இதையே கண்டன. “நான் எப்பவும் இப்படித்தான்”, “ஒருநாளும் நல்லா இருந்ததில்லை” என்ற வார்த்தைகள் அப்படித்தான் வருகின்றன. நீங்கள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மூளை எடுத்துக் கொடுப்பது அவ்வளவுதான்.

ஆகவே அன்றைக்கு யோசிக்கத் தேவையில்லாதபடியும், அன்றைக்கு ஞாபகம் வராததை எடுத்துக் காட்டும்படியும் டப்பா இருக்க வேண்டும். தெம்பு இருக்கும் நாளில் கட்டி வைக்கிற கட்டுச்சோறு இது. பசிக்கிற இடத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க முடியாதல்லவா? கடைக்காரரின் பெட்டியில் உங்கள் ஞாபகம் எதுவும் இருக்காது என்பதால்தான் வாங்க வேண்டாம் என்றேன்.

என்னென்ன வைக்கலாம்

முதலில் டப்பா. பிஸ்கட் வந்த தகர டப்பா ஒன்று எல்லார் வீட்டிலும் ஊசி நூல் போட்டு வைக்கும் பாத்திரமாக ஓய்வு பெற்றிருக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் அறையில் அதைப் பார்ப்பவர்கள் தையல் சாமான் என்று நினைத்துத் திறக்கவே மாட்டார்கள். உங்கள் ரூம்மேட் கவலை பாதி இதிலேயே தீர்ந்தது. மறக்காமல் ஊசியையும் கத்தரிக்கோலையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

வாய்க்கு: கடலை மிட்டாய், பேரீச்சை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்று, வெந்நீர் கெட்டில் இருந்தால் சிறு டப்பாவில் சத்துமாவு. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருந்தால் தலைசுற்றலும் படபடப்பும் சேர்ந்துகொள்ளும். அதையும் மனசுக் கணக்கில் எழுதி “ரொம்ப மோசமாயிட்டேன்” என்று பயந்துபோவோம். பாதிச் சுமை பசியும் தாகமும்தான் என்பது இரண்டு வாய் கஞ்சி உள்ளே போன பிறகே தெரியும். சாக்லேட் கோடையில் உருகும். கடலை மிட்டாய் மாதக்கணக்கில் தாங்கும். எறும்பு வராமல் இறுக மூடி வையுங்கள். காபித்தூள் பாக்கெட் வேண்டாம். படபடப்பு உள்ளவர்களுக்குக் காபி அதைக் கூட்டும். சாயங்காலம் குடித்தது நடுராத்திரி வரை உடம்பில் நிற்கும், தூக்கமும் போகும்.

மூக்குக்கு: வாசனை மெழுகுவர்த்தியை விட்டுவிடுங்கள். மூன்று பேர் தூங்கும் அறையில் தீ வேண்டவே வேண்டாம். வாசனை என்ற யோசனை மட்டும் நல்லது. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் மற்ற பகுதிகளுக்குப் போகின்றன. வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் ஞாபகத்தையும் கவனிக்கும் பகுதிகளுக்கு நேராகவே போய்விடும். அதனால்தான் தாத்தா தேய்த்துக்கொண்ட தைலத்தின் வாசனை எங்கிருந்தாவது வந்தால் ஒரு நொடியில் அவர் எதிரே நிற்கிறார். மல்லிகை மறுநாளே வாடிவிடும். ஒரு கட்டு வெட்டிவேர் மாதக்கணக்கில் மணக்கும், மணம் குறைந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். வீட்டு விபூதி, சோப்பு, தைலம் என்று உங்களுக்குப் பழக்கமானது எதுவோ அதுவாக இருக்கட்டும். யாருடைய வாசனை உங்களைப் பயமுறுத்துமோ அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தோலுக்கு: துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலை. முழுச் சேலை டப்பாவில் அடங்காது. முந்தானைப் பக்கம் ஒரு முழம் கிழித்து ஓரம் அடித்துக்கொண்டால் போதும். கன்னத்தில் ஒற்றிக்கொள்ளலாம், தண்ணீரில் நனைத்து நெற்றியில் போட்டுக்கொள்ளலாம்.

இந்த இரண்டாவதற்கு ஒரு உடலியல் காரணம் இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு நெற்றி, கண், கன்னம் குளிரும்படி சில்லென்ற தண்ணீரில் முகத்தை நனைத்தால், முங்கு நீச்சல் போடும்போது நடப்பதுபோல் உடம்பு தானாக இதயத் துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது. லைனஹனின் சிகிச்சையில் இதையும் ஒரு கருவியாகக் கற்றுத்தருகிறார்கள். படபடவென்று வரும்போது, வாளித் தண்ணீரில் 20, 30 விநாடி முகத்தை வைத்து எடுத்தால் போதும். இதய நோய் உள்ளவர்கள், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாப்பாட்டை ஒதுக்கி உடம்பு நலிந்துபோனவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

காதுக்கு: ஐந்தாறு பாட்டுகளை முன்கூட்டியே போனில் தனியாகச் சேர்த்து வையுங்கள். அழ வைக்கும் பாட்டுகளை நான் தடுக்கவில்லை. ஒரு பாட்டுக்கு அழுதால் பாரம் குறையும். அதே சோகப் பாட்டை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏழாவது முறை கேட்பது வேறு சமாச்சாரம். நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கும் என்பதைச் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் 1991 முதல் பல ஆய்வுகளில் காட்டினார். உங்கள் பட்டியலில், கூடவே வாய் முணுமுணுக்கிற பாட்டுகள் பெரும்பாலும் இருக்கட்டும்.

கண்ணுக்கு: மூன்று புகைப்படங்கள், அச்சிட்டவை. போனில் இருக்கும் படத்தைத் தேடப் போனால் இன்ஸ்டாகிராமில்தான் போய் நிற்பீர்கள். படத்தைவிட முக்கியம் அதன் பின்பக்கம். அங்கே நாள், இடம், நடந்தது என மூன்றையும் எழுதுங்கள். “நல்ல நாட்கள்” என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுத வேண்டும்: “2022 ஆகஸ்ட். வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் மூன்று பேர் வாந்தி. நான் மட்டும் இறங்கினதும் சூடா ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டேன். எல்லாரும் என்னைத் திட்டினாங்க.” ‘ஒருநாளும் நல்லா இருந்ததில்லை’ என்று மூளை சொல்லும்போது, தேதி போட்ட சாட்சி ஒன்று கையில் இருக்கும். மூளை தர மறுக்கும் ஞாபகத்தை உங்கள் கையெழுத்து தரும்.

சேர்க்கக் கூடாதவை: பழைய காதல் கடிதம், பிரிந்துபோனவர் நிற்கும் குரூப் போட்டோ, பொன்மொழி அட்டை, சுயமுன்னேற்றப் புத்தகம். “எழுந்திரு, விழித்திரு” என்று எழுந்திருக்க முடியாதவரிடம் சொன்னால் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். அதைவிட முக்கியமாக, மாத்திரைப் பட்டைகள் எதையும் டப்பாவில் வைக்காதீர்கள். அன்றாட மாத்திரை வழக்கமான இடத்தில் இருக்கட்டும். மாதக்கணக்கில் மருந்து சேர்ந்திருந்தால், அதை ஒரு தோழியிடமோ வார்டனிடமோ கொடுத்து வாராவாரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆபத்தானது கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமலிருப்பதே உயிர்காக்கும் ஏற்பாடு என்பது இந்தத் துறையில் நன்றாக நிறுவப்பட்ட உண்மை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். மக்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதே காரணம்தான் ஹாஸ்டல் அலமாரிக்கும்.

மேலாக இருக்க வேண்டிய அட்டை

இத்தனையும் இருந்து, திறந்தவுடன் “எதை எடுப்பது?” என்று யோசிக்க வேண்டியிருந்தால் வீண். ஆகவே எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அட்டை. உங்களுக்கு நீங்களே பேசுகிற பாஷையில், உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

“வந்துட்டியா. பரவால்ல.
1. லைட்டைப் போடு.
2. ஒரு டம்ளர் தண்ணி. முழுசா.
3. கடலை மிட்டாய் ஒண்ணு. பசிக்கலேன்னாலும்.
4. மூஞ்சி கழுவு. பச்சைத் தண்ணி.
5. துணியைக் கையில வச்சுக்க. மூச்சு: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. பத்து தடவை.
6. போட்டோவைத் திருப்பிப் படி.
7. அறையை விட்டு வெளியே போ. வாசல் வரைக்கும் போதும்.
8. இன்னும் அப்படியேதான் இருக்கா? கீழே இருக்கிற நம்பருக்கு ‘டப்பா’ன்னு ஒரு மெசேஜ். வேற எதுவும் எழுத வேண்டாம்.
இன்னைக்கு மாத்திரை போட்டியா?”

இதில் சாமர்த்தியமான வரி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். படிக்கவே முடியாத நாளில் படிக்க வேண்டியது இது. மூச்சில் வெளியே விடுவது நீளமாக இருப்பதற்குக் காரணம், மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைவதுதான்.

ஏழாவது வரியையும் விட்டுவிடாதீர்கள். போர்வைக்குள் டப்பாவோடு நாள் முழுக்க ஒதுங்கிக் கிடப்பதற்காக இதைச் செய்யவில்லை. அரை மணி நேரம் போதும். பிறகு வெளியே ஒரு சின்னக் காரியம்: ஒரு சட்டை துவைக்கலாம், கீழே போய் பால் வாங்கலாம். மனசு சரியானால் செய்யலாம் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். மனச்சோர்வில் வரிசை தலைகீழ்: செய்கை முன்னே போகும், மனசு பின்னால் வரும். 1970களில் பீட்டர் லூயின்சன் போன்ற உளவியலாளர்கள் வகுத்த சிகிச்சை முறையின் அடிப்படையே இதுதான்.

கடைசிப் பொருள் ஒரு மனுஷர்

எட்டாவது வரிதான் டப்பாவின் உயிர். இரண்டு பேரை இப்போதே தேர்ந்தெடுங்கள். நல்லாயிருக்கும் ஒரு நாளில், டீ குடிக்கும்போது சொல்லி வையுங்கள்: “எப்பவாவது ‘டப்பா’ன்னு மெசேஜ் போடுவேன். அன்னைக்கு எனக்கு முடியலைன்னு அர்த்தம். அட்வைஸ் வேண்டாம். போன் பண்ணு, இல்லேன்னா வந்து பக்கத்துல உட்காரு.” என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் செய்வார்கள். தெரியாததால்தான் “பாஸிட்டிவா திங்க் பண்ணு” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ரூம்மேட்டுகளில் ஒருவர் நம்பகமானவர் என்றால் அவரே அந்த இருவரில் ஒருவராகலாம். அப்போது ஒளித்துவைக்கும் பிரச்சினையும் இல்லை. மற்றவர் கேட்டால் “ஒரு நாள் முடியாம போனா எடுத்துக்க வச்சிருக்கேன்” என்பதே போதும். அது உண்மையும்கூட.

அந்த இருவரின் பெயருக்குக் கீழே இந்த எண்களையும் எழுதுங்கள். 14416: மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104: தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண். 044-24640050: சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் அட்டையின் முதல் வரியிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். நேராக எட்டாவது வரிக்கு வாருங்கள். தனியாக இருக்காமல் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்களில் ஒன்றை அழையுங்கள். தாங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். வெளியே சொன்னால் கேஸாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எண்ணம் குற்றமல்ல. முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி உதவ வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது.

இந்த எண்ணம் உங்களுக்கு முன்பு வந்ததுண்டு என்றால், அடுத்த முறை டாக்டரிடம் ‘பாதுகாப்புத் திட்டம்’ எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரௌன் என்ற உளவியலாளர்கள் வகுத்த முறை அது. எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, கவனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவ உதவி, ஆபத்தானவற்றை அகற்றுதல் என ஆறு படிகள், ஒரே தாளில். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், இதை எழுதிக் கொடுத்துப் பிறகு போன் செய்தும் விசாரித்துவந்தவர்களிடம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தை 45 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. உங்கள் டப்பா அந்த ஆறு படிகளில் இரண்டாவது படி. மற்றவற்றில் பெரும்பாலானவை மனிதர்களால் ஆனவை.

அம்மாவுக்கு

அம்மாவுக்கு விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதைவிட, அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். “உங்க பழைய நூல் சேலை ஒண்ணு வேணும்மா, பக்கத்துல வச்சுக்க” என்று கேளுங்கள். எதற்கு என்று கேட்டால் “உங்க ஞாபகமா இருக்கும்” என்றால் போதும். ரசம் எப்படி வைப்பது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்லச் சொல்லுங்கள். அது அப்படியே உங்கள் பாட்டுப் பட்டியலில் சேரட்டும். மிளகையும் சீரகத்தையும் தட்டச் சொல்லி அவர் அதட்டுவதைக் கேட்க நோயைப் பற்றிய விளக்கம் எதுவும் தேவையில்லை.

இன்னொன்றும் அவரிடம் கேட்கலாம். சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து போனபின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் அவ்வப்போது கடிதம் எழுதச் செய்தார். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்ற அளவில் இரண்டு வரிதான். அதில் அறிவுரையோ, வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமோ கிடையாது. 2001இல் வெளியான முடிவுகளின்படி, முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் வந்தவர்களிடம் தற்கொலை குறைவாக இருந்தது. உங்கள் அம்மா தினமும் “சாப்பிட்டியா?” என்று கேட்பது அன்பால்தான். ஆனால் சாப்பிடாத நாளில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொய் சொல்கிறோம். “பதில் போட வேண்டியதில்லாத மாதிரி ஒண்ணு அனுப்புங்கம்மா” என்று கேட்டுப் பாருங்கள். முருங்கை பூத்தது, மாடு கன்று போட்டது, எதுவானாலும் சரி. “உனக்கென்ன குறைச்சல்?” என்பதை ஒரே நாளில் மாற்ற முடியாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவைக் கூட்டிப் போனால், பாதி விளக்கத்தை டாக்டர் கொடுத்துவிடுவார்.

செய்து வைத்த பிறகு

முடியாத நாளில்தான் திறப்பது என்று வைக்காதீர்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஒன்றிரண்டில் திறந்து அட்டையின்படி ஒருமுறை செய்து பாருங்கள். பழகிய கைக்குத்தான் அவசரத்தில் வேலை வரும். மாதம் ஒருமுறை தின்பண்டத்தை மாற்றி, பாட்டைத் திருத்தி, போன் எண்களைச் சரிபாருங்கள். நீங்கள் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர். 20ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் ஆனதும் 21ஆம் தேதி டப்பாவுக்கு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

உங்கள் மருத்துவருக்கும் இதிலிருந்து ஒன்று கிடைக்கும் என்றேனே, அது மூடியின் உட்பக்கத்தில் ஒட்டும் ஒரு வெள்ளைத் தாள். டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதில் தேதியை மட்டும் எழுதுங்கள். முடிந்தால் முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம் என்பதையும். மூன்று மாதத்தில் ஒரு கோலம் தெரிய ஆரம்பிக்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்திலேயே விழுகிறதா? 20ஆம் தேதி நெருக்கடிக்குப் பிறகா? இரண்டு ராத்திரி தூங்காததன் மறுநாளா? மாத்திரை தவறிய வாரமா? ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் செய்ய வேண்டியது வேறு வேறு. “அப்பப்ப வருது டாக்டர்” என்று நீங்கள் சொல்வதை வைத்து அவரால் அதிகம் செய்ய முடியாது; தேதிகளை வைத்து முடியும். திறக்கும் நாட்கள் மாதத்துக்கு மாதம் கூடினாலோ, இரண்டு வாரம் தொடர்ந்து அப்படியே இருந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு உடனே போய்ப் பாருங்கள். நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நிறுத்துவதா, குறைப்பதா என்பதையும் அதே தாளைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டும்.